சோப்ரானோவின் பட்டியல்: மிரெல்லா ஃப்ரேனியின் குரல் வழியே ஓர் அறிமுகம்

இத்தாலியில் ஒரு பத்து வயதுச் சிறுமி வானொலிப் போட்டியில் பாடினாள். அவள் எடுத்துக்கொண்டது இசையமைப்பாளர் புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃப்ளை’ ஓபராவில் (பாட்டாலேயே நடக்கும் இசை நாடகம்) வரும் ‘உன் பெல் தீ’ என்ற பாட்டு. கடல் தாண்டிப் போன கணவன் ஒரு நாள் கப்பலில் திரும்பி வந்தே தீருவான் என்று ஒரு பெண் தன் பணிப்பெண்ணிடம் சொல்லும் இடம் அது. நன்றாக வளர்ந்து பக்குவப்பட்ட குரல்களுக்கே மூச்சு முட்டும். அதைக் கேட்டவர் பெனியாமினோ ஜிலி, அந்தக் காலத்து இத்தாலியின் மிகப் பெரிய டெனார் (ஆண் குரல்களில் மேல் ஸ்தாயி) பாடகர்களில் ஒருவர். அவர் சிறுமியைப் பாராட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: இப்போதைக்குப் பாடுவதை நிறுத்து, பதினேழு வயது வரை பொறுத்திரு, இல்லாவிட்டால் குரல் கெட்டுவிடும்.

சிறுமி கேட்டுக்கொண்டாள். அவள்தான் பின்னாளில் மிரெல்லா ஃப்ரேனி. 1955-ல் மேடை ஏறியவர் 2005-ல்தான் இறங்கினார். ஓபராப் பாடகிகளில் பலருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே குரல் ஆட்டம் காணத் தொடங்கிவிடும். அந்த உலகத்தில் ஐம்பது வருடம் என்பது சாதாரணமாகக் கிடைக்கிற ஒன்றல்ல. அது எப்படி அவரால் முடிந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் போனால், ‘சோப்ரானோ’ என்றால் என்ன, ஒரு சோப்ரானோவின் பாத்திரப் பட்டியல் என்றால் என்ன என்ற இரண்டும் தானாகவே புரிந்துவிடும். ஓபராவே கேட்டிராதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர், பிறப்பு. வட இத்தாலியில் உள்ள மொடெனா நகரம், 1935 பிப்ரவரி 27. குடும்பப் பெயர் உண்மையில் ஃப்ரென்யி. எல்லோர் வாயிலும் எளிதாக நுழையட்டும் என்று பிற்பாடு ஃப்ரேனி என்று மாற்றிக்கொண்டார். அதே ஊரில் அதே வருடம் அக்டோபரில் பிறந்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டெனார் லூச்சானோ பவரோத்தி. இரண்டு பேருடைய அம்மாக்களும் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நாள் முழுக்கப் புகையிலையோடு புழங்கும் தாயின் பால் குழந்தைக்கு ஆகாது என்பதால் இரண்டு குழந்தைகளும் ஒரே செவிலித்தாயிடம் பால் குடித்தார்கள். யாருக்குப் பால் அதிகம் கிடைத்தது என்பது எங்களைப் பார்த்தாலே தெரியும் என்று ஃப்ரேனி சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தச் செவிலித்தாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

குரல் என்கிற வாத்தியம்

சோப்ரானோ என்பது பெண் குரல்களில் மேல் ஸ்தாயியில் இயங்கும் குரல். பியானோவின் நடுவில் இருக்கும் ‘டோ’ என்ற ஸ்வரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். அங்கிருந்து இரண்டு ஸ்தாயி மேலே, ஏறத்தாழ 1047 ஹெர்ட்ஸில் இருக்கும் ‘டோ’ வரை ஒரு சோப்ரானோ பாட வேண்டும். அந்த மேல் ‘டோ’வைத்தான் ஓபரா ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்ப்பார்கள்.

இதில் மைக் கிடையாது. மிலானின் லா ஸ்காலாவில் சுமார் 2000 பேர் உட்காரலாம். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் கிட்டத்தட்ட 3800 பேர். மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் குழியில் அறுபது எழுபது வாத்தியங்கள். இத்தனையையும் தாண்டி, கடைசி வரிசையில் நிற்பவர் காதுக்கு ஒரு பெண்ணின் வெறும் தொண்டை போய்ச் சேர வேண்டும். கத்தினால் சேராது. கத்துகிற குரல் பத்து வரிசைக்குள் கரைந்துவிடும், தொண்டையும் புண்ணாகிவிடும். வாய், தொண்டை, தாடை இவற்றின் வடிவத்தை மாற்றி, பாடும் சுருதிக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் காற்றை ஒத்து அதிர வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. ‘இ’, ‘உ’ போன்ற உயிரொலிகளின் இயல்பான ஒத்ததிர்வு ரொம்பக் கீழே இருக்கிறது. சோப்ரானோ மேலே ஏறும்போது தாடையைத் திறந்து அந்த ஒத்ததிர்வையும் கூடவே மேலே இழுக்கிறார். அதனால் உச்சத்தில் எல்லா எழுத்தும் ‘ஆ’ பக்கமாகச் சாய்ந்து கேட்கும். உச்ச ஸ்வரங்களில் வார்த்தை புரியவில்லையே என்று புதிதாகக் கேட்பவர்கள் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். பாடகியின் உச்சரிப்பு மோசம் என்பதல்ல.

நான் முதன்முதலில் ஒரு சோப்ரானோ பாடிக் கேட்டபோது எனக்கும் அது அலறல் போலத்தான் பட்டது. பழக வேண்டும். ஏதாவது ஒரு பாட்டை அர்த்தம் தெரிந்துகொண்டு நாலைந்து தடவை கேட்டால் காது தானாக வழிக்கு வந்துவிடுகிறது.

சரி, சோப்ரானோ என்பது ஒரே ரகமா என்றால் இல்லை. மெல்லிய, சுறுசுறுப்பான குரல் ஒன்று இருக்கிறது. கொத்துக் கொத்தாக ஸ்வரங்களை உதிர்க்கும், பறவை மாதிரி மேலே போகும். அதற்கு அடுத்தது ‘லிரிக்கோ’: வெதுவெதுப்பான, நீண்ட வரிகளை இழையறாமல் இழுத்துப் பாடக்கூடிய குரல். அதற்கும் மேல் எடை கூடினால் ‘ஸ்பின்டோ’. இத்தாலிய மொழியில் தள்ளப்பட்டது என்று அர்த்தம். இசைக்குழு பொங்கி எழும் இடங்களில் அதன் மேலே ஏறி நிற்கும் அளவுக்கு உந்துதல் உள்ள குரல். கடைசியில் ‘டிரம்மாட்டிக்கோ’, எஃகு போன்ற கனத்த குரல். இவற்றுக்கு நடுவே பாத்தி கட்டிப் பிரித்த எல்லைகள் கிடையாது. வயது ஏற ஏறக் குரல் கொஞ்சம் கனக்கும், நிறம் கருக்கும், நடு ஸ்தாயி நிறையும். அதாவது ஒரே பாடகி இருபத்தைந்து வயதில் ஒரு ரகமாகவும் ஐம்பது வயதில் இன்னொரு ரகமாகவும் இருக்க முடியும். அவசரப்பட்டால் மட்டும் இரண்டுமே போய்விடும்.

அதனால்தான் ஓபராவில் ஒரு பாடகியின் பாத்திரப் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்பு. இத்தாலியர்கள் ‘ரெபெர்டோரியோ’ என்பார்கள். எந்தப் பாத்திரத்தை எந்த வயதில் எடுத்தார், எதை விட்டார், எதைத் தொடவே இல்லை என்ற வரிசையைப் பார்த்தால், அந்தத் தொண்டை வாழ்ந்த வாழ்க்கை தெரிந்துவிடும். பாடகர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு: வட்டியில் பாடு, மூலதனத்தில் கை வைக்காதே. ஃப்ரேனியின் பட்டியல் அந்தப் பேச்சுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம்.

இளமையின் பாத்திரங்கள்

1955 மார்ச்சில் சொந்த ஊரான மொடெனாவின் நகர அரங்கில் முதல் மேடை. பிசேயின் ‘கார்மென்’ ஓபராவில் மிக்கயேலா என்ற கிராமத்துப் பெண்ணின் வேடம். கார்மென் என்ற நெருப்புக்கு எதிரே ஊரிலிருந்து அம்மாவின் கடிதத்தைக் கொண்டுவரும் வெள்ளந்தியான பெண். பத்தொன்பது இருபது வயதுக் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த பாத்திரம். அதே காலத்தில் பியானோ கலைஞரும் இசை நடத்துநருமான லியோனே மஜியேராவுடன் கல்யாணம், குழந்தை. மேடையிலிருந்து மூன்று வருடம் விலகியே இருந்தார். 1958-ல் வெர்ச்செல்லி நகரில் நடக்கும் வியோத்தி போட்டியில் வென்று திரும்பி வந்தார். இருபது வயதில் வந்த வாய்ப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்த அந்த மூன்று வருடமும் குரலுக்கு நல்லதையே செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம் 1960-ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவில் மொஸார்ட்டின் ‘தோன் ஜொவான்னி’யில் செர்லினா. 1961-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’பில் நன்னெத்தா. 1962-ல் மறுபடி கிளைண்ட்போர்னில் ‘ஃபிகரோவின் திருமணம்’ ஓபராவின் சுசான்னா, தோனிசெத்தியின் ‘காதல் கஷாயம்’ ஓபராவின் அதீனா. பெயர்கள் குழப்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எல்லாமே இளம்பெண்கள், சூட்டிகையானவர்கள், எங்கேயும் இசைக்குழு பாடகியின் கழுத்தை நெரிப்பதில்லை. மொஸார்ட்டின் இசைக்குழு சிறியது. இடைவெளி விட்டு வாசிக்கும். குரல் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது: ‘டெஸ்ஸித்தூரா’. ஒரு பாத்திரத்தின் மிக உயர்ந்த ஸ்வரம் எது என்பது ஒரு விஷயம். அந்தப் பாத்திரம் பெரும்பாலான நேரம் எந்த உயரத்தில் குடியிருக்கிறது என்பது வேறு விஷயம், அதுதான் டெஸ்ஸித்தூரா. மாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதும், நாள் முழுக்க மாடிப்படியிலேயே நின்று வேலை செய்வதும் ஒன்றாகுமா? சுசான்னா மூன்று மணி நேரத்துக்கும் மேல் மேடையை விட்டு அதிகம் விலகாத பாத்திரம், சோப்ரானோ பாத்திரங்களிலேயே நீளமானவற்றில் ஒன்று. ஆனால் பெரும்பாலும் நடு ஸ்தாயியில், பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். களைக்க வைக்கும், காயப்படுத்தாது. இளம் பாடகிக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

மிமீ

1963 ஜனவரி 31, லா ஸ்காலா. புச்சினியின் ‘லா போயெம்’. இயக்கம் பிராங்கோ செஃபிரெல்லி, இசை நடத்துநர் ஹெர்பெர்ட் ஃபான் கராயன். ஃப்ரேனிக்கு மிமீ பாத்திரம். அன்றைக்குக் கராயனே கண்கலங்கினார் என்று சொல்வார்கள். அந்தத் தயாரிப்பைக் கொஞ்ச நாளில் திரைப்படமாகவும் எடுத்தார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு உலகத்தில் மிமீ என்றாலே ஃப்ரேனி என்றாகிவிட்டது. 1965 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபொலிட்டனில் (சுருக்கமாக மெட்) அறிமுகமானபோதும் மிமீதான். 1972-ல் கராயன், பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு, நாயகன் ரொடோல்ஃபோவாகப் பவரோத்தி என்று கூடிச் செய்த ஒலிப்பதிவை இன்றைக்கும் பலர் முதல் ‘போயெம்’ ஆக வாங்குகிறார்கள்.

இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். லிரிக்கோ குரல் என்றால் என்ன என்பதை நூறு விளக்கங்களைவிட இந்த ஐந்து நிமிடப் பாட்டு நன்றாகச் சொல்லும்.

பாரிஸ், குளிர்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. மாடி அறையில் ஏழைக் கவிஞன் ரொடோல்ஃபோ தனியாக எழுதிக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் மெழுகுவத்தி அணைந்துவிட்டது என்று நெருப்புக் கேட்டு வருகிறாள். சாவி கீழே விழுகிறது, விளக்கு மறுபடி அணைகிறது, இருட்டில் தேடும்போது இருவர் கையும் பட்டுக்கொள்கின்றன. அவன் தன்னைப் பற்றிப் பாடுகிறான். அப்புறம் அவளைக் கேட்கிறான், நீ யார் சொல்லு என்று.

அவள் சொல்வதில் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னை மிமீ என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் என் பெயர் லூச்சியா. துணியில் பூவேலை செய்கிறேன். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். கோயிலுக்கு அவ்வளவாகப் போவதில்லை, ஆனால் கடவுளிடம் நிறைய வேண்டிக்கொள்கிறேன். ஒரு சின்ன வெள்ளை அறையில் இருக்கிறேன், கூரைகளையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு. இதுவரை குரல் பேசுகிற மாதிரியே போகிறது, வெட்கப்பட்டு, நின்று நின்று. வாத்தியங்களும் அடக்கி வாசிக்கின்றன. அடுத்த வரி: ஆனால் பனி உருகும்போது முதல் சூரியன் எனக்குத்தான்.

அந்த இடத்தில் தரை விலகுகிறது. அத்தனை நேரமும் ஒதுங்கியிருந்த வயலின்கள் குரலோடு சேர்ந்து எழும்புகின்றன, வரி நீள்கிறது, அகல்கிறது. மாடி அறையில் அடைந்து கிடக்கும் ஒரு தையல்காரப் பெண்ணுக்குள் இவ்வளவு பெரிய ஆசை இருந்ததா என்று நமக்குத் திடுக்கிடுகிறது. ஃப்ரேனி அங்கே குரலை ‘பெரிதாக்குவதாக’ எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலைத் திறப்பது போல இருக்கிறது, வெளிச்சம் தானாக உள்ளே வருகிறது. குரலின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று தேடினாலும் தெரியாது. சோப்ரானோ குரலில் நடுவிலிருந்து மேலே கடக்கும் அந்த இடத்தை ‘பஸ்ஸாஜ்ஜோ’ என்பார்கள். கத்துக்குட்டிகளுக்கு அங்கேதான் கியர் மாற்றும் சத்தம் கேட்கும். இவருக்கு அது கேட்பதே இல்லை.

உடனே அடுத்த நொடியே அவள் பழையபடி சுருங்கிவிடுகிறாள். நான் செய்கிற பூக்களுக்கு வாசனை இல்லையே என்கிறாள். என்னைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை, நேரங்கெட்ட நேரத்தில் தொந்தரவு செய்ய வந்த பக்கத்து வீட்டுக்காரி நான் என்று முடிக்கிறாள். கடைசி வரியில் பாட்டே இல்லை, கிட்டத்தட்டப் பேச்சு. ஒரு முழு மனுஷி ஐந்து நிமிடத்தில் நம் முன்னால் வந்துவிட்டாள். கனத்த குரல் உள்ளவர் இதைப் பாடினால் மிமீயின் கூச்சம் போய்விடும். ரொம்ப மெல்லிய குரலாக இருந்தால் அந்தச் சூரியன் உதிக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்துக்குப் பெயர்தான் லிரிக்கோ.

விழுந்த இடமும் மறுத்த இடங்களும்

அடுத்த வருடமே, 1964-ல், அதே லா ஸ்காலாவில், அதே கராயன், அதே செஃபிரெல்லி. இந்த முறை வெர்டியின் ‘லா டிராவியாட்டா’. சரியாக வரவில்லை. லா ஸ்காலாவின் மேல்மாடியில் உட்காரும் ரசிகர்கள் பேர் போனவர்கள். பிடிக்காவிட்டால் கூச்சலிட்டே விரட்டுவார்கள். 1955-ல் புகழ்பெற்ற சோப்ரானோ மரியா காலஸ் அதே மேடையில் பாடிய டிராவியாட்டா அவர்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஃப்ரேனிக்கு எதிர்ப்புக் குரல் எழுந்தது. அவர் விலக, வேறு பாடகி வந்தார்.

இதில் ரசிகர்களின் முரட்டுத்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். டிராவியாட்டாவின் நாயகி வியொலெத்தாவுக்கு மூன்று குரல் வேண்டும் என்று சும்மாவா சொல்கிறார்கள். முதல் அங்கத்தில் மின்னல் வேக ஸ்வரக் கொத்துகள், உச்சத்தில் துள்ளல். இரண்டாவதில் நீண்ட, கனிந்த வரிகள். மூன்றாவதில் சாகக் கிடப்பவளின் உடைந்த, கனத்த உச்சரிப்பு. ஃப்ரேனிக்கு நடுவில் இருப்பது சொத்து மாதிரி. மற்ற இரண்டும் அந்த வயதில் அப்படியல்ல. பிற்காலத்தில் அந்த ஓபராவை அவர் பதிவு செய்தார். என்றாலும் மிமீ போல அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாத்திரமாக அது ஆகவில்லை.

அதன் பிறகு அவர் எடுத்து வைத்த அடிகளின் நிதானத்தைப் பாருங்கள். 1970-ல்தான் சால்ஸ்பர்க்கில் கராயனோடு ‘ஒத்தெல்லோ’வின் டெஸ்டெமோனா. 1971-ல் லா ஸ்காலாவில் கிளாவ்தியோ அப்பாதோ நடத்திய ‘சிமோன் பொக்கநேக்ரா’வில் அமேலியா. 1975-ல் ‘தோன் கார்லோ’வின் எலிசபெத்தா. 1979-ல் ‘ஐடா’. எல்லாம் வெர்டி, ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு படி கனம். முப்பத்தைந்து வயதில் தொடங்கி நாற்பத்து நான்கு வயது வரை, பத்து வருடத்தில் நாலே படி.

டெஸ்டெமோனா சரியான முதல் படி என்பதற்குக் காரணம் அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. கடைசி அங்கம். கணவன் தன்னைக் கொல்வான் என்பது அவளுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. படுக்கப் போகும் முன் சின்ன வயதில் கேட்ட ஒரு வில்லோ மரப் பாட்டைப் பாடுகிறாள், மெதுவாக, அரை மனதாக. பணிப்பெண் எமீலியாவிடம் அமைதியாக ‘நல்லிரவு’ சொல்கிறாள். எமீலியா திரும்பி நடக்கிறாள். அந்த நொடியில் டெஸ்டெமோனாவின் அடக்கம் உடைந்து, முழுக் குரலில், முழு இசைக்குழுவின் மேலாக ஒரே ஒரு அலறல்: எமீலியா, போய் வா! அவ்வளவுதான். திரும்பவும் அமைதி, மண்டியிட்டு மாதாவிடம் பிரார்த்தனை, அது நூலிழை போல மெலிந்த ஒரு உயர ஸ்வரத்தில் முடிகிறது. ஸ்பின்டோவுக்கு வேண்டிய வீச்சு அந்த ஒரு கணத்துக்குத்தான் தேவை, மற்றதெல்லாம் லிரிக்கோ. புதிய பிரதேசத்துக்குள் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தக் காலத்தில்தான் கராயன் இன்னொன்றும் கேட்டார்: ‘துரந்தோத்’ பாடு என்று. ஃப்ரேனி மறுத்தார். ‘இல் த்ரொவத்தோரே’வின் லெயோனோராவையும் மறுத்தார். அன்றைய ஐரோப்பாவில் கராயனுக்கு மாட்டேன் என்று சொல்வது சின்ன விஷயமல்ல. சால்ஸ்பர்க், பெர்லின், பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள் என்று எல்லாக் கதவின் சாவியும் அவரிடம் இருந்தது.

ஏன் மறுத்தார் என்பதை ‘துரந்தோத்’ ஓபராவை வைத்தே விளக்கலாம். அதில் இரண்டு சோப்ரானோக்கள் உண்டு. ஒருத்தி சீன இளவரசி துரந்தோத். இரண்டாம் அங்கத்தில்தான் வாயைத் திறப்பாள், திறந்த கணத்திலிருந்து உச்சத்திலேயே குடியிருப்பாள். கீழே பித்தளை வாத்தியங்களும் கோரஸும் முழங்கும். இன்னொருத்தி அடிமைப் பெண் லியூ. எஜமானின் மகனைக் காதலித்து, அவனுக்காகவே சாகிறவள். முதல் அங்கத்தில் அவள் கெஞ்சுகிற பாட்டு ஒரு உயர ஸ்வரத்தை மெல்ல எடுத்து, அப்படியே விரித்து முடியும். அந்தப் பாத்திரத்தைத்தான் ஃப்ரேனி பாடினார். 1966-ல் நியூயார்க்கில் பிர்கித் நில்சன் துரந்தோத், ஃபிராங்கோ கொரெல்லி இளவரசன், ஃப்ரேனி லியூ. ஒரே மேடையில் நில்சனின் எஃகுக் குரலைப் பக்கத்தில் நின்று கேட்டவருக்கு அது தன் வாத்தியம் அல்ல என்பதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. லியூ தொண்டை துரந்தோத் பாடினால் அன்றைக்கு ஒப்பேற்றிவிடலாம். இரண்டு வருடத்தில் நீளமான ஸ்வரங்கள் ஊசலாட ஆரம்பிக்கும்; மெல்லப் பாடும் திறமை முதலில் போகும்; அப்புறம் மிமீயும் போய்விடுவாள். மூலதனத்தில் கை வைப்பது என்பது இதுதான்.

மேடை வேறு, ஒலிப்பதிவு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் பாடினாரே ‘பட்டர்ஃப்ளை’, அந்த ஓபராவை அவர் இரண்டு முறை முழுசாகப் பதிவு செய்திருக்கிறார், ஒரு திரைப்படத்துக்கும் பாடி நடித்திருக்கிறார். 1974-ல் கராயனோடும் பவரோத்தியோடும் செய்த பதிவு கேட்பவரை உலுக்கி எடுக்கும். ஆனால் மேடையில் அந்தப் பாத்திரத்தை அவர் முழுசாகப் பாடவே இல்லை. ‘தோஸ்கா’வும் அப்படியே, பதிவு மட்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு அங்கத்தை நாள் கணக்கில் பிரித்துப் பாடலாம், மைக் அருகில் இருக்கும், நடுவில் ஓய்வு உண்டு. பட்டர்ஃப்ளையோ மேடையில் வந்த பிறகு ஏறக்குறைய முடிவு வரை இறங்காத பாத்திரம், அதுவும் அழுதுகொண்டே. அழுகை தொண்டையை இறுக்கும். தனக்கு எது அளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பாடகியின் பட்டியலைப் படிக்கும்போது ஒலிப்பதிவுகளை மட்டும் பார்த்து, இதெல்லாம் இவர் மேடையில் பாடியது என்று நினைத்துவிடக் கூடாது.

ஐம்பதுக்குப் பின்

இரண்டாவது கணவர் நிக்கோலாய் கியவ்ரோவ், பல்கேரியாவைச் சேர்ந்தவர், அவர் தலைமுறையின் மிகச் சிறந்த பாஸ் (ஆண் குரல்களில் கீழ் ஸ்தாயி) குரல்களில் ஒன்று. ரஷ்ய ஓபராக்கள் அவருக்குச் சொந்த வீடு. ஃப்ரேனியும் 1980-களில் அந்தப் பக்கம் போனார். சைக்கோவ்ஸ்கியின் ‘எவ்கேனி ஒனேகின்’ ஓபராவின் தத்யானாவை, ரஷ்ய மொழியிலேயே, ஐம்பதை ஒட்டிய வயதில் பாடினார். காதல் கடிதம் எழுதி ராத்திரி முழுக்கத் தூங்காமல் தவிக்கும் கிராமத்துப் பெண். குரலில் இன்னும் மிமீ மிச்சம் இருந்ததால்தான் அது சாத்தியமானது. 1990-ல் லா ஸ்காலாவில் ‘இஸ்பேட் ராணி’யின் லீசா.

அப்புறம் வெரிஸ்மோ. நிஜ வாழ்க்கையின் ரத்தமும் கண்ணீரும் வேண்டும் என்று 1890-களில் இத்தாலியில் கிளம்பிய ஓபரா வகை. சீலேயாவின் ‘அத்ரியானா லெகுவ்ரேர்’, ஜொர்தானோவின் ‘ஃபெடோரா’. இந்த நாயகிகள் வயதில் முதிர்ந்தவர்கள், மேடையை ஆள்கிறவர்கள். இசை நடு ஸ்தாயியில் அதிகம் உலவும். உச்ச ஸ்வரங்கள் குறைவு. ஒரு வார்த்தையை எப்படிச் சொல்கிறாள் என்பதில்தான் எல்லாம். ஐம்பது கடந்த சோப்ரானோக்கள் பலரும் இங்கே வந்து சேர்வது அதனால்தான். பெரும்பாலானவர்கள் மிச்சம் இருக்கும் குரலோடு வருவார்கள், ஃப்ரேனி முழுக் குரலோடு வந்தார். 1993-ல் லா ஸ்காலாவில் பிளாசிதோ டொமிங்கோவோடு பாடிய ‘ஃபெடோரா’ படமாகவே இருக்கிறது, பார்க்கலாம்.

கடைசி முழு ஓபரா 2005 ஏப்ரலில் வாஷிங்டனில். சைக்கோவ்ஸ்கியின் ‘ஓர்லேயான் கன்னி’. எழுபது வயதுப் பெண்மணி, பதின்வயது ஜோன் ஆஃப் ஆர்க்காக. அடுத்த மாதம் மெட் அவருக்கு ஒரு விழா எடுத்தது. அதன் பிறகு மொடெனா பக்கத்தில் விக்னோலாவில் இளம் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2020 பிப்ரவரி 9 அன்று மொடெனாவில் காலமானார். அவர் முதன்முதலில் மிக்கயேலாவாக ஏறிய அந்த நகர அரங்கத்துக்கு இன்று பவரோத்தி, ஃப்ரேனி என்று இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். முதலில் 1970-களில் கார்ல் பூம் நடத்திய ‘ஃபிகரோ’ திரைப்படத்தில் சுசான்னா, தோட்டத்தில் இரவில் பாடும் பாட்டு மட்டும். அப்புறம் 1965-ல் வந்த ‘போயெம்’ படம், முதல் அங்கம். அப்புறம் கராயனின் ‘ஒத்தெல்லோ’, கடைசி அங்கம். அந்த அலறலுக்கு முன்னால் ஒலியைக் கூட்டி வைக்காதீர்கள். கடைசியாக 1996-க்கு வாருங்கள். ‘லா போயெம்’ 1896 பிப்ரவரி 1 அன்று டுரினில் முதன்முதலாக அரங்கேறியது. சரியாக நூறு வருடம் கழித்து அதே ஊரில் விழாவாக நடத்தினார்கள், அதுவும் படமாக இருக்கிறது. மிமீக்கு வயது அறுபது, இன்னும் சில நாட்களில் அறுபத்தொன்று. தத்துவக்காரன் கொல்லீனே வேடத்தில் கியவ்ரோவ். ‘முதல் சூரியன் எனக்குத்தான்’ என்ற இடத்தை 1965 படத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். குரல் கனத்திருக்கிறது, அதிர்வு கொஞ்சம் அகன்றிருக்கிறது, ஜன்னல் மட்டும் அதே மாதிரி திறக்கிறது. இருட்டில் சாவியைத் தேடுகிற சாக்கில் அவர் கையைப் பிடிக்கும் ரொடோல்ஃபோ, மொடெனாவில் அதே செவிலித்தாயிடம் பால் குடித்து வளர்ந்தவர்.